எம்.வி.பி.எஸ். என்னும் பள்ளி எது?

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
3.6.2025

அண்ணிக்கு,

சுசித்ரா எழுதுவது. உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசைக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள். இது சமாதானக் கடிதம் இல்லை. அவசரக் கடிதம்.

ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்குப் போன ஆகஸ்டில் உங்கள் கடையில் டைப் அடித்துக் கொடுத்தீர்களே, அந்த விண்ணப்பம் எழுத்துத் தேர்வு, உடல் தகுதி எல்லாம் தாண்டிச் சான்றிதழ் சரிபார்ப்பு வரைக்கும் போய்விட்டது. நேற்று சென்னையிலிருந்து ஒரு மெமோ வந்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்:

'விண்ணப்பதாரர் நாகரசம்பட்டி அரசுப் பள்ளியில் படித்ததாக மாற்றுச் சான்றிதழ் கூறுகிறது. ஆனால் இணைப்பு இரண்டில் எம்.வி.பி.எஸ். – 2018, 2019, 2022 என்று உள்ளது. எம்.வி.பி.எஸ். என்னும் பள்ளி எது? இருபத்திரண்டு வயதில் விண்ணப்பதாரர் பள்ளியில் படித்தது எவ்வாறு? சான்று வழங்கியவரின் ஒப்பமிட்ட விளக்கம் 20.6.2025-க்குள் கிடைக்காவிடில் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.'

அது பள்ளிக்கூடமே இல்லை அண்ணி. மாவட்ட மகளிர் கபடியில் நான் மூன்று தடவை வாங்கிய எம்.வி.பி. கப். மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர். டி.வி.யில் பார்த்துவிட்டு நம் கமிட்டிக்காரர்களும் வைத்த கப். அதைத்தான் நீங்கள் அப்படி அடித்து வைத்திருக்கிறீர்கள். ரூமில் கூட இருக்கும் யுவஸ்ரீ மெமோவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, எம்.பி.பி.எஸ். படிச்சியா நீ?" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலையில் எனக்கு இருபத்தாறு முடிகிறது. அடுத்த தடவை விண்ணப்பிக்க வயது இருக்காது. இங்கே என் கான்ட்ராக்ட் ஆகஸ்டோடு சரி. இது போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

செயலாளர் தீர்த்தகிரி சார் இறந்த பிறகு கமிட்டியின் சீலும் பழைய ஸ்கோர் ஷீட்டுகளும் உங்களிடம்தான் இருக்கின்றன. கமிட்டியின் ஸ்கோரராகச் சான்று கொடுத்ததும் நீங்கள்தான். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்தது செய்ததுதான். போனில் பேசினால் அந்த ஃபைனலைப் பற்றிய பேச்சுதான் வரும். அண்ணனிடமும் சொல்ல வேண்டாம். லாரியை எடுத்துக்கொண்டு புனே பக்கம் போயிருப்பார், ஓட்டும்போது கவலைப்படுவார்.

சீக்கிரம் எழுதுங்கள்.

சுசித்ரா


பாரூர்
5.6.2025

அன்புள்ள சுசிக்கு,

பிரித்துவிட்டேன். மேசைக்கு அடியில் தள்ளவும் இடமில்லை, அங்கே பூனை குட்டி போட்டிருக்கிறது.

ஓசூரிலிருந்து பாரூருக்கு இரண்டு பஸ் ஏறினால் வந்துவிடலாம். நீ என்னவோ துபாயிலிருந்து எழுதுவது போலத் தபால் தலை ஒட்டுகிறாய். சரி, உன் இஷ்டம். போனில் நான் ஒரு வார்த்தை முடிப்பதற்குள் நீ மூன்று வார்த்தை சொல்வாய். கடிதத்திலாவது என்னை முழுசாகப் பேச விடுவாய்.

பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். இங்கிலீஷில் இப்படிப்பட்ட சுருக்கங்களைப் பன்மையாக்கக் கடைசியில் ஒரு சின்ன எஸ் போட வேண்டும். பெரிய எம், பெரிய வி, பெரிய பி, ஒட்டினாற்போல் சின்ன எஸ். நிறையப் பேர் நடுவில் ஒரு கமாவை மேலே தூக்கி வைப்பார்கள். அது 'எம்.வி.பி.யுடைய' என்றாகிவிடும். தீர்த்தகிரி சார்கூட ஒருமுறை பேனரில் அந்தக் கமா இருந்தே ஆக வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்றார். நான் வைக்க மாட்டேன் என்றேன். கமாவில் தப்பித்தவள் எஸ்ஸில் மாட்டிக்கொண்டேன்.

நான் அடித்தது சரியாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தில் 'பெரிய எழுத்துகளில் நிரப்பவும்' என்று போட்டிருந்தது. நீ என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "எல்லாத்தையும் பெருசாக்கிடுங்க அண்ணி, கம்பெனி பஸ்ஸு போயிரும்" என்றாய். மொத்தத்தையும் செலக்ட் செய்து ஒரே தட்டில் பெரிதாக்கினேன். சின்ன எஸ்ஸும் பெரிய எஸ்ஸாகி மற்ற மூன்றோடு சரிசமமாக உட்கார்ந்துவிட்டது. கப் பள்ளிக்கூடமாகிவிட்டது. பிரிண்ட் எடுத்ததும் நான் படித்துப் பார்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான், சுசி.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் பி.ஓ.எம்.எஸ். – 7 என்று இருக்கிறது. பிளேயர் ஆஃப் த மேட்ச், ஏழு தடவை. அவர்கள் இன்னும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தால் அது எந்தக் காலேஜ் என்று கேட்பார்களோ என்று நேற்றிலிருந்து எனக்கு அதே யோசனை.

விளக்கத்தைத் தமிழிலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதிலும் சிக்கல். எம்.வி.பி.கள் என்பதா, எம்.வி.பி.க்கள் என்பதா? போன தேர்தலில் ஒரு ஃபிளெக்ஸில் எம்.எல்.ஏ.க்கள் என்று அடித்ததற்கு ஒரு கோஷ்டி 'க்' எதற்கு என்று கேட்டது. 'க்' இல்லாவிட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்று இன்னொரு கோஷ்டி சண்டைக்கு வந்தது. எனக்கு இருப்பது வேறு பயம். எம்.வி.பி.க்கள் என்றால் மூன்று பெண்கள் வரிசையாக வந்து நிற்பது போல் கேட்கிறது. மூன்று பேர் வாங்கியதை நீ ஒருத்தி எழுதிக்கொண்டாய் என்று அடுத்த மெமோ வந்தால் என்ன செய்வது?

யோசித்து எழுதி அனுப்புகிறேன். பயப்படாதே.

அந்த ஃபைனல் பேச்சு வேண்டாம் என்கிறாய். நானாக எடுக்க மாட்டேன். ஆனால் போன அக்டோபரில், இருநூறு பேர் முன்னால், "தனக்குக் கால் போயிருச்சுன்னு என்னையும் ஓட உடாம பண்றாங்க, வயித்தெரிச்சல்!" என்று நீ கத்தினாய். மூட்டு ஜவ்வு கிழிந்து நான் ஆட்டத்தை விட்டு எட்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் அப்படிப் பேசியவள் நீ ஒருத்திதான். எனக்கு வலித்தது. அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மூட முடியவில்லை.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
8.6.2025

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பி.ஓ.எம்.எஸ். பற்றி வாயே திறக்காதீர்கள். அவர்கள் கேட்காததற்கெல்லாம் நாமாகப் பதில் சொல்லப் போக வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அந்த ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். விளக்கத்தோடு ஒரு உறுதிமொழிப் படிவமும் வேண்டுமாம். மெயிலில் வந்ததைப் பிரிண்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரே வரிதான்: 'விண்ணப்பதாரருக்கு நான் எவ்வகையிலும் உறவினர் இல்லை என உறுதி கூறுகிறேன்.'

உறவினராக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உறவுன்னா அந்தச் சான்றிதழுக்கு மதிப்பெண் போடறது கஷ்டம்மா. மேடம்தான் முடிவு பண்ணணும்" என்றார். அந்த மூன்று கப்புக்குப் பதினைந்து மதிப்பெண். அது போனால் நான் லிஸ்டில் வரவே மாட்டேன்.

உங்கள் இனிஷியல் உங்கள் அப்பா பெயரில்தான் இருக்கிறது. கடை விலாசம் பாரூர், என் விலாசம் நாகரசம்பட்டி. யாருக்கும் தெரியப் போவதில்லை. போட்டுவிடுங்கள்.

எட்டு மாதமாக நாம் அப்படித்தானே இருக்கிறோம்.

சுசித்ரா


பாரூர்
10.6.2025

சுசி,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு அழுதேன். வாக்காளர் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஆள், "என்னாங்க, கரண்டு இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி. 2018, 2019 ஷீட்டுகளை நான் எழுதும்போது நீ எனக்கு ஏழாம் நம்பர் ஜெர்சி, அவ்வளவுதான். பெயர்கூட ஷீட்டைப் பார்த்துத்தான் தெரியும். உன் அண்ணனை நான் கட்டிக்கொண்டது 2020 பிப்ரவரியில். ஆக 2022 கப்புக்கு ஷீட் எழுதியது உன் அண்ணிதான். அன்றைக்கு உனக்கு ஒரு பாயிண்ட்கூட நான் சும்மா எழுதவில்லை. ஆனால் அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், சென்னையில் இருக்கிற மேடத்துக்கு எப்படித் தெரியும்?

பொய் எழுதிவிட்டு நாளைக்கு ரேஷன் கார்டைக் கேட்டால் என்ன செய்வாய்? அதில் உன் பெயருக்கு இரண்டு வரி மேலே என் பெயர் இருக்கிறது. வேலை கிடைத்த பிறகு தெரிந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். ஒரு எஸ்ஸுக்கே இவ்வளவு பாடு படுகிறோம்.

இது சட்டக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 'உறவினர் இல்லை' என்று என் கையால் எழுத எனக்கு மனசு வரவில்லை. நீ என்னோடு பேசாமல் இரு, பிளாக் செய், எதை வேண்டுமானாலும் செய். அது உன் கோபம். அதற்கு நான் சீல் குத்த மாட்டேன்.

வேறு வழி பார்க்கிறேன். இன்னும் பத்து நாள் இருக்கிறது.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
12.6.2025

அண்ணி,

பத்து நாள் இல்லை. தபால் போகிற நாளைக் கழித்தால் ஆறு நாள். அதில் ஒரு ஞாயிறு.

இன்றைக்கு வயரிங் லைனில் இரண்டு கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டேன். சூப்பர்வைசர் வெங்கடப்பன் வந்து, "ஏனம்மா, கனசு காண்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆமாம், கனவுதான் காண்கிறேன். ஆகஸ்டுக்குப் பிறகும் மாதச் சம்பளம் வருகிற கனவு.

நீங்கள் நியாயமாக இருப்பதற்கு எப்போதும் நான்தான் கிடைக்கிறேன். அன்றைக்கும் நான் பாடிப் போன கடைசி ரெய்டில், என் கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு பாயிண்ட் வந்ததா என்று நடுவருக்குத் தெரியவில்லை. உங்கள் மேசை போனஸ் கோட்டுக்கு நேராக இருந்தது என்று உங்களைக் கேட்டார். நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்கள். ஒரு பாயிண்டில் தோற்றோம். அந்தத் தலையாட்டலுக்காக உங்களை எல்லோரும் பாராட்டினார்கள். 'நாத்தனாருன்னும் பாக்கலை பாரு' என்று. எனக்கு என்ன கிடைத்தது?

இந்த ஒரு தடவை ஒரே ஒரு கையெழுத்துப் போடுங்கள். வாழ்க்கை முழுக்க வேறு எதுவும் கேட்க மாட்டேன். காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சுசி


பாரூர்
14.6.2025

சுசி,

உன் கடிதம் காலையில் வந்தது. அதற்குள் நான் அனுப்பிவிட்டேன். நேற்றே ஸ்பீடு போஸ்டில் சென்னைக்குப் போய்விட்டது. உன்னைக் கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நாள் ஓடிவிடும். அதனால் கேட்கவில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள்.

எழுதியதன் நகலை வைத்திருக்கிறேன். இந்தக் கள், க்கள் பிரச்சினையை உன் அம்மாதான் தீர்த்துவைத்தார், அவருக்கே தெரியாமல். முந்தாநாள் கூடையைக் காட்டி, "மூணு டஜன் மாங்கா எடுத்து வெச்சிருக்கறேன், ஓசூரு போறவங்க ஆராச்சும் இருந்தா அவளுக்குக் குடுத்து உடு" என்றார். மூணு டஜன் மாங்காய்கள் என்று சொல்லவில்லை. நாம் யாருமே அப்படிச் சொல்வதில்லை. எண்ணிக்கை முன்னால் வந்துவிட்டால் கள்ளும் வேண்டாம், க்கள்ளும் வேண்டாம், எஸ்ஸும் வேண்டாம். இவ்வளவு நாள் எதற்கு மண்டையை உடைத்துக்கொண்டேன் என்று இருந்தது. ஆகவே எழுதினேன்:

'இணைப்பு இரண்டில் உள்ள எம்.வி.பி.எஸ். என்பது பள்ளி அன்று. எம்.வி.பி. என்ற விருதின் பன்மையைக் குறிக்கச் சேர்த்த எழுத்து, பெரிய எழுத்தாக மாறியதால் ஏற்பட்ட பிழை. விண்ணப்பதாரர் மூன்று முறை எம்.வி.பி. விருது பெற்றார். அடுத்த வரியில் உள்ள பி.ஓ.எம்.எஸ். என்பதும் அவ்வாறே, ஏழு முறை ஆட்ட நாயகி. தட்டச்சுப் பிழை என்னுடையது.'

ஆமாம், அதையும் எழுதிவிட்டேன். ஒளித்து வைத்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

உறுதிமொழிப் படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, '2020 பிப்ரவரி முதல் விண்ணப்பதாரரின் அண்ணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு சும்மா விட்டால் உனக்குக் கெடுதல். நான் ஆள் பார்த்து எழுதுகிறவள் இல்லை என்று அவர்களுக்கு எப்படிக் காட்டுவது? என்னிடம் ஒரே ஒரு அத்தாட்சிதான் இருந்தது. போன அக்டோபர் ஃபைனல் ஷீட். 'கடைசி ரெய்டு, ஏழாம் எண், போனஸ் இல்லை, ஸ்கோரர் கூற்றுப்படி' என்று குறிப்பு எழுதி நான் கையெழுத்துப் போட்ட ஷீட். அதன் நகலை வைத்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீ கேப்டனாக எழுதிக் கொடுத்த ஆட்சேபக் கடிதம் அந்த ஷீட்டோடு பின் அடித்து இருந்தது. அதை மட்டும் கழற்றிவிட்டு நகல் எடுத்தால் ஷீட் முழுசாகாது. அதுவும் போயிருக்கிறது.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
19.6.2025

அண்ணி,

என்ன காரியம் செய்திருக்கிறீர்கள்!

அந்த ஆட்சேபத்தில் நான் எழுதியது உங்களுக்கு நினைவில்லையா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. 'என் கால் போனஸ் கோட்டைத் தெளிவாகத் தாண்டியது. ஸ்கோரர் என் மேல் உள்ள பொறாமையால் பொய் சொல்கிறார்.' கீழே என் கையெழுத்து, தேதியோடு. இப்போது அதே ஸ்கோரர்தான் என் மூன்று கப்புக்கும் சாட்சி!

இன்று காலை ஆபீசிலிருந்து போன் வந்தது. 24-ஆம் தேதி பத்து மணிக்கு நேரில் வர வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "உங்க அண்ணி அனுப்பினதுல மேடத்துக்கு ஒரு விஷயம் தெளிவாகணுமாம்" என்றார். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாதா?

எப்படிப் பார்த்தாலும் இடிக்கிறது. ஸ்கோரர் பொய் சொன்னார் என்றால், பொய் சொல்கிறவர் கொடுத்த சான்றிதழ் எதற்கு என்பார்கள். ஸ்கோரர் சரி என்றால், எழுத்துமூலம் பொய் ஆட்சேபம் கொடுத்தவளுக்கு வேலை எதற்கு என்பார்கள். மூன்று நாளாக ஷிப்டில் நிற்கும்போதெல்லாம் இதுதான். சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போகிறேன் என்று யுவஸ்ரீ ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறாள்.

நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் சொல்வதையே மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறேன்.

சுசி


பாரூர்
21.6.2025

அன்புள்ள சுசி,

இது 24-க்குள் உன் கையில் கிடைக்க வேண்டுமென்று, ஓசூர் போகிற எதிர்க்கடை அனுப்ரியாவிடம் மாங்காய்ப் பையோடு கொடுத்துவிடுகிறேன்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறாய். அதை நான் சொல்ல மாட்டேன். கோபத்தில் இல்லை. எனக்கே தெரியாது, அதனால்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அண்ணனிடம்கூட. அன்றைக்கு நடுவர் கேட்டபோது, உன் கால் கோட்டின் மேல்தான் நின்றது, தாண்டவில்லை என்று எனக்குத் தோன்றியது. தலையாட்டினேன். சத்தியமாக வேறு எதுவும் மனசில் இல்லை. அதற்குப் பிறகு நீ அப்படிக் கத்தினாய். அவ்வளவு உறுதியாக, அவ்வளவு அழுகையோடு. அன்றிலிருந்து எனக்குள் ஒரு அரிப்பு. நான் தப்பாகப் பார்த்தேனோ? நீ சொன்ன மாதிரி, என் கால் போன வயிற்றெரிச்சல் எனக்கே தெரியாமல் என் கண்ணை மறைத்துவிட்டதோ? நீ மூன்றாவது கப்பைத் தூக்கியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது நிஜம். நானும் ரெய்டர்தானே. அந்தக் கொஞ்சம்தான் அன்றைக்குத் தலையை ஆட்டியதோ?

இந்த எட்டு மாதத்தில் நான்கு ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதக் கூப்பிட்டார்கள். கடையில் வேலை என்று சொல்லிப் போகவில்லை. என் கண்ணை நானே நம்பாமல் எப்படிப் பேனாவைப் பிடிப்பது?

உன் கால் எங்கே பட்டது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. தாண்டியிருந்தால் தாண்டியது என்றே சொல். அதனால் என் சான்றிதழ் செல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று என்னால் எழுத முடியவில்லை, உன் வேலை அதில் இருக்கிறது. ஆனாலும் எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே.

சாப்பிட்டுவிட்டுப் போ. வெறும் வயிற்றில் பஸ் ஏறாதே.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
26.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

போய் வந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இடையில் விட்டுவிட்டால் மறுபடி எழுத எனக்குத் தைரியம் வராது.

பத்து மணிக்கு வரச் சொல்லிப் பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். மேடத்துக்கு அம்மா வயது இருக்கும். மேசை மேல் நீங்கள் அனுப்பியது எல்லாம் விரித்து வைத்திருந்தது. முதலில் உங்கள் விளக்கத்தைத் தொட்டு, "இந்த எஸ் எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

"அது பன்மைங்க மேடம்" என்றேன்.

"ஒருத்தருக்கு எதுக்குப் பன்மை? மரியாதைக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் விஷயம், போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பி.ஓ.எம்.எஸ். வரியைப் பார்த்து, "இதைக் கேக்காமயே சொல்லியிருக்காங்களே" என்று அவரே பக்கத்தில் டிக் போட்டார். நீங்கள் எழுதியது சரிதான், நான்தான் வேண்டாம் என்றேன்.

பிறகு ஃபைனல் ஷீட்டை என் பக்கம் திருப்பினார். உங்கள் குறிப்பில் ஒரு விரல், என் ஆட்சேபத்தில் ஒரு விரல். "ரெண்டு பேப்பர். ஒண்ணு தாண்டலைங்குது, ஒண்ணு தாண்டுச்சுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். இதுல பொய் எழுதினது யாரு?"

அண்ணி, உங்கள் கடிதம் என் பைக்குள் இருந்தது. பஸ்ஸில் அதை நாலு தடவை படித்திருந்தேன்.

"நான்தாங்க மேடம்" என்றேன்.

"இதைச் சொன்னா உங்களுக்கு நல்லதா கெட்டதான்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். யோசித்தேன், தெரியவில்லை என்றேன். அவர் பேனாவை எடுத்து, உங்கள் சான்றிதழ் ஓரத்தில் 'எம்.வி.பி. – மூன்று முறை, ஏற்கலாம்' என்று எழுதினார். ஆட்சேபத்தைப் பற்றி எதுவும் எழுதினாரா என்று பார்ப்பதற்குள் ஃபைலை மூடிவிட்டார். "லிஸ்ட் ஜூலை பத்து தேதிக்கு மேல வரும். போங்க" என்றார்.

அதில் என் பெயர் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு நேரம் இருக்கும் என்று தோன்றுகிறது, அடுத்த நேரம் அந்த ஆட்சேபம் கண் முன்னால் வந்து நிற்கிறது. மாங்காய் மட்டும் சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மேடத்திடம் நான் சொன்னது உங்களுக்குத் தெரிந்தால், வேலைக்காகத்தான் அப்படிச் சொன்னாள், ஸ்கோரர் சரி என்றால்தானே மூன்று கப்பும் செல்லும் என்று நினைப்பீர்கள். நினைத்தால் தப்பில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். லிஸ்ட் வந்த பிறகு எழுதினால், வேலை கிடைத்த சந்தோஷத்தில் எழுதியதாகவோ, கிடைக்காத விரக்தியில் எழுதியதாகவோ ஆகிவிடும். அதனால் இன்றைக்கே, மதிய ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால், இதைத் தபாலில் போட்டுவிட்டுப் போகிறேன். மேடத்துக்காக இல்லை, உங்களுக்காகத் தனியாக.

கால் போனவள் என்று உங்களைச் சொன்னேன். அதைச் சொன்ன வாயை அன்றைக்கே அடித்துக்கொண்டிருக்க வேண்டும். தோற்றதைத் தாங்க முடியவில்லை, கையில் அகப்பட்டதை எடுத்து உங்கள் மேல் வீசினேன். ஆட்சேபத்தையும் அப்படித்தான் எழுதினேன். எழுதிய பிறகு அதுதான் நிஜம் என்று எனக்கே சொல்லிச் சொல்லி, ரூம் மாறி, நம்பரை பிளாக் செய்து, எட்டு மாதம் ஓட்டினேன். அதே எட்டு மாதமும் நீங்கள் பேனாவைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.

என் கட்டைவிரல் கோட்டின் மேல்தான் நின்றது அண்ணி. தாண்டவில்லை. நீங்கள் தலையாட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

சுசி